புடவை மூட்டையோடு சென்றவர்

என் இளமையில், பொரளைத் தெருக்களில் புடவை மூட்டையைச் சுமந்துவரும் வியாபாரியைக் காணுந்தோறும் கோ. நடேசய்யரை நினைத்துக்கொள்வேன்.

தஞ்சையைச் சேர்ந்த அய்யர் வணிகவியல் கற்பித்தவர். ‘வர்த்தகமித்திரன்’ என்னும் வணிக இதழை நடத்தியவர். அத்தொடர்பே அவரை இலங்கைக்கு அழைத்துவந்தது. மலைநாட்டுத் தோட்டங்களுள் வெளியார் எளிதில் நுழைய இயலாத காலம் அது. புடவை வியாபாரிக்கோ வழியுண்டு. எனவே அய்யர் அவ்வேடம் பூண்டு லயங்களுட் சென்றார். கங்காணியின் கணக்கில் தீராதிருந்த கடனையும், துரைமாரின் அதிகாரத்தையும் நேரிற் கண்டார். வணிகம் கற்றவருக்கு அக்கணக்கின் சூது விளங்காதிருக்குமா?

1921இல் ‘தேசநேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1925இல் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்டார். துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளரிடையே பாடிப் பிரசாரம் செய்தார். 1936இல் ஹட்டன் தொகுதி அய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

1947இல் தேர்தலில் தோற்ற அவர், அவ்வாண்டு நவம்பரில் மறைந்தார். மறு ஆண்டிற் பிறந்த பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. அவர் உறுப்பினராய் அமர்ந்ததை மட்டும் சொல்லி அவர் வரலாற்றை முடித்துவிடலாகாது. எம்மக்கள் வாக்கால் அச்சபை புகுந்தாரோ, அம்மக்கள் அவ்வாக்கை இழந்த கதையையும் சேர்த்தே மாணவர்க்குச் சொல்லி வருகிறேன்.