நடுவுல மெலிசு, முனையில தடிமன்... சைக்கிள் டியூப்பை மாற்றிய ஆணிக் கம்பெனிக்காரர்! யார் இந்த ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ்?

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆணி தயாரித்த குடும்பத்துக்காரர் ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ். அப்போ சைக்கிள் செய்பவர்களுக்கு ஒரே தலைவலி. டியூப் மெலிசா இருந்தா ஜாயின்ட்டில் உடையும். தடிமனா போட்டா வெயிட் ஏறும்.

அழுத்தம் விழுவதும், பற்றவைக்கும் சூட்டில் உலோகம் பலமிழப்பதும் முனைகளில்தானே? அங்கே மட்டும் தடிமன் போதும் என்றார் ரெனால்ட்ஸ். வெளியே டியூப் ஒரே சீராகத்தான் இருக்கும், வித்தியாசம் எல்லாம் உள்ளே. இதற்கு 1897-ல் ஹெவிட் என்பவருடன் சேர்ந்து காப்புரிமை வாங்கினார்.

டியூப்புக்குள் நடுவில் பருத்த கம்பியை நுழைத்து, குறுகலான துளை வழியாக இழுக்கணும். முனை குறுகிடுச்சே, கம்பி எப்படி வெளியே வரும்? உருளைகளுக்கு நடுவே உருட்டினா டியூப் லேசா விரியும், கம்பியும் வந்துடும்!

1898-ல் இதற்கென்றே தனி கம்பெனி. அதன் வழிவந்த ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-ல் மாங்கனீஸ், மாலிப்டினம் கலந்த '531' டியூப்பைக் கொண்டுவந்தது. டூர் டி பிரான்ஸ் சாம்பியன்கள் பலர் ஓட்டியது அதில்தான்.