வாரிசை வளர்க்காத மார்ஷல்

தனி மனிதர் ஒருவரைத் தூணாகக் கொண்டு எழுப்பப்படும் அரசு, அந்தத் தூண் சாய்ந்த பின்னர் எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற வினாவுக்கு யூகோஸ்லாவியத் தலைவர் மார்ஷல் டிட்டோவின் வாழ்க்கை கசப்பான விடையைத் தருகிறது. 1976 ஓகஸ்டில் கொழும்பில் நடைபெற்ற அணிசேரா உச்சி மாநாட்டுக்கு வருகை தந்த அவர் நமக்கு அந்நியரல்லர்.

1892 இல் கும்ரோவெக் கிராமத்தில் குரோஷியத் தந்தைக்கும் ஸ்லோவேனியத் தாய்க்கும் பிறந்த யோசிப் புரோஸ், உலோகத் தொழிலாளியாக இருந்து கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்கு உயர்ந்தார். 1941 முதல் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கெரில்லாப் போர் நடத்தினார். 1948 இல் ஸ்டாலினுடன் முரண்பட்டும் வீழாது நின்றார். ஆயினும், ஸ்டாலின் ஆதரவாளர்கள் எனக் கருதப்பட்ட ஆயிரக்கணக்கானோரை கோலி ஒட்டோக் தீவுச் சிறையில் அடைத்தவரும் அவரே.

அடுத்த நிலைத் தலைவர்கள் பலர் அவர் நிழலில் நிலைக்கவில்லை. 1954 இல் ஜிலாஸும் 1966 இல் ரான்கோவிச்சும் வீழ்த்தப்பட்டனர். 1971, 1972 ஆம் ஆண்டுகளில் குரோஷிய, சேர்பியக் கட்சித் தலைமைகள் களையெடுக்கப்பட்டன. 1974 அரசியலமைப்பின் கீழ் டிட்டோ ஆயுட்கால ஜனாதிபதியானார். அவருக்குப் பின்னர், ஆறு குடியரசுகளினதும் இரு சுயாட்சி மாகாணங்களினதும் பிரதிநிதிகள் ஆண்டுக்கொருவராகத் தலைமை வகிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது.

1980 மே 4 ஆம் திகதி அவர் மறைந்தார். நாடு மறுநாளே சிதறிவிடவில்லை. சுழற்சிமுறைத் தலைமை சுமார் பத்தாண்டுகள் இயங்கியது. ஆனால் 1981 இல் கொசோவோ கொந்தளித்தது. வெளிநாட்டுக் கடனும் பணவீக்கமும் மக்களை வாட்டின. பிணக்குகளைத் தீர்க்கும் இறுதி நடுவராக டிட்டோ வகித்த இடம் வெறுமையாகவே இருந்தது. அந்த வெற்றிடத்தில் சேர்பியத் தேசியவாதத்தைத் தூண்டி எழுந்த மிலோசெவிச், 1989 அளவில் எட்டு வாக்குகளில் நான்கைத் தம்வசப்படுத்தினார். 1991 மே மாதத்தில் குரோஷியரான மெசிச்சின் தலைமை முறை தடுக்கப்பட்டது. ஜூன் 25 இல் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் சுதந்திரப் பிரகடனம் செய்தன. தொடர்ந்த போர்களில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர்.

பொருளாதார நெருக்கடியும் பனிப்போரின் முடிவும் இவ்வீழ்ச்சிக்குக் காரணங்களே என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் டிட்டோ விட்டுச் சென்றது பதவிகளைப் பங்கிடும் அட்டவணையை மட்டுமே. கருத்து வேறுபாட்டை அச்சமின்றிப் பேசித் தீர்க்கும் பழக்கத்தை அவரது ஆட்சி வளர்க்கவில்லை. பல்லினங்கள் வாழும் நாடொன்றுக்கு அந்தப் பழக்கமே உண்மையான வாரிசு என்பதை நாம் மறத்தலாகாது.