புனித எரோணிமுஸ்

கி.பி. 347-ஆம் ஆண்டளவில் ஸ்திரிதோன் என்னும் ஊரில் பிறந்த எரோணிமுஸ், உரோமையில் இலத்தீன் இலக்கியம் கற்றுத் தேர்ந்தார். பின்னர் சிரியாவின் பாலைநிலத்தில் தவம் புரிகையில், கிறிஸ்தவரான ஒரு யூதரிடம் எபிரேயம் பயின்றார். 382-இல் உரோமை வந்தவர், திருத்தந்தை தமாசுவின் விருப்பப்படி இலத்தீன் நற்செய்திகளைத் திருத்தியமைத்தார்.

386 முதல் பெத்லகேமே அவரது இல்லமாயிற்று. மறைநூலை உணர, அது பிறந்த மண்ணையும் மக்களையும் அறியவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே யூத அறிஞர்களின் துணையுடன் அந்நாட்டு ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்தே பெயர்த்தார்.

எதிர்ப்பு எழாமலில்லை. இறைவாக்கினர் யோனாவுக்கு நிழல் தந்த செடியைப் பழைய பெயர்ப்பு சுரை என்றது. இவரோ வேறொரு கொடியின் பெயரை இட்டார். வட ஆப்பிரிக்காவின் ஓயா நகர்க் கோவிலில் இது வாசிக்கப்பட்டதும் பெருங்குழப்பம் மூண்டது. ஆயர் தம் மந்தையையே இழக்கும் நிலை! புனித அகுஸ்தினாரும் கவலையுடன் மடல் எழுதினார். அகன்ற இலையுடன், கொழுகொம்பின்றித் தன் தண்டிலேயே விரைந்து வளரும் அச்செடிக்கு இலத்தீனில் பெயரே இல்லையென எரோணிமுஸ் விளக்கினார். நம் தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு.

அவர் 420-இல் பெத்லகேமில் இறைவனடி சேர்ந்தார். 1546-இல் திரிதெந்து பொதுச்சங்கம் அவர் பெயரால் வழங்கும் இலத்தீன் விவிலியத்தை உறுதிப்படுத்தியது.

1995-இல் தமிழில் பொது மொழிபெயர்ப்பு வந்தபோது, பழகிய சொற்களை விட நாமும் தயங்கவில்லையா? ஓயா மக்களின் பற்று நமக்கும் உண்டு. அத்துடன் எரோணிமுசின் தேடலும் நமக்கு வேண்டும். அவ்வரத்தை மன்றாடுவோமாக!