ஹக்கீம் இப்னு சீனாவும் இனிப்பு நீரும்

இனிப்பு நீர் வியாதியைப் பற்றிப் பேச்சு எழாத கடை இன்று நம்மவரிடையே அரிது. ஏறத்தாழ ஆயிரம் வருஷங்களுக்கு முன் இவ்வியாதியைத் தம் கிதாபில் விவரித்த ஹக்கீம் இப்னு சீனா அவர்களின் சரிதை, கல்லாவில் அமர்ந்திருக்கும் நமக்கு ஒரு படிப்பினையாகும்.

அன்னார் ஹிஜ்ரி 370ல் (கி.பி. 980) புகாரா நகருக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்னும் ஊரில் பிறந்தார்கள். பத்து வயதிலேயே குர்ஆன் ஷரீபை ஓதி முடித்தார்கள். கணக்குக் கற்கத் தந்தையார் அவர்களை அனுப்பியது ஒரு காய்கறி வியாபாரியிடம்! இந்தியக் கணக்கு முறையை அந்த வியாபாரி அறிந்திருந்தார். பின்னர் வைத்தியம் பயின்று, வாலிபத்திலேயே புகாராவின் அரசர் நூஹ் இப்னு மன்சூருக்குச் சிகிச்சை செய்தார்கள். அதனால் அரண்மனை நூலகத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தது.

அந்த அரசு கவிழ்ந்தபின் ஊர் ஊராய் அலைந்தார்கள். ஹமதானில் பகலில் மந்திரி வேலை. இரவில் மாணவர்களுக்குப் பாடம். இடையில் சிறைவாசமும் உண்டு. இவ்வளவுக்கும் நடுவே அல்கானூன் என்னும் ஐந்து பாக வைத்தியக் கிதாபை எழுதி முடித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் லத்தீன் பாஷையில் பெயர்க்கப்பட்ட அக்கிதாப், ஐரோப்பியக் கலாசாலைகளில் பல நூறு வருஷங்கள் பாடமாக இருந்தது.

அதில் இனிப்பு நீரைச் சிறுநீரக வியாதிகளோடு சேர்த்து எழுதினார்கள். தண்ணீர் இறைக்கும் சக்கரத்தின் பெயரால் அதைக் குறித்தார்கள். குடித்த நீர் தங்காமல் வெளியேறும், தாகமோ தீராது. நோயாளியின் சிறுநீர் இனிப்பதையும், உறுப்புகள் அழுகுவதையும் அவர்கள் கண்டறிந்ததாக வைத்திய சரித்திரக்காரர்கள் கூறுவர்.

மூலகாரணம் சிறுநீரகமன்று என்பது பின்னரே தெரிந்தது. வயிற்றிலுள்ள கணையம் சுரக்கும் இன்சுலின் குறைந்தாலும், அது தேகத்தில் சரிவர வேலை செய்யாவிட்டாலும், உண்ட உணவின் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. மிஞ்சியது நீரோடு வெளியேறுவதால்தான் தாகம். வருஷக்கணக்கில் தேங்கினால் சிறு இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெடும். கண் மங்கும், சிறுநீரகம் பழுதாகும், பாதம் மரத்து, முள் குத்தியதும் தெரியாமல் புண் அழுகி, காலையே எடுக்க நேரும். இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வழி 1921ல் கனடாவில் கண்டுபிடிக்கப்பட்டது.

ஹக்கீம் அவர்களின் முடிவு வேறு வியாதியால் வந்தது. கடும் வயிற்றுவலி கண்டது. தமக்குத் தாமே வைத்தியம் செய்து சற்றுத் தேறினார்கள்; ஆனால் பத்தியம் காக்கவில்லை என்று அவர்களுடைய மாணவர் ஜூஸ்ஜானி எழுதி வைத்திருக்கிறார். இனி மருந்தால் பயனில்லை என உணர்ந்ததும் சிகிச்சையை நிறுத்தி, தவ்பா செய்து, பொருளை ஏழைகளுக்கு அளித்து, அடிமைகளை விடுதலை செய்து, குர்ஆன் ஓதுவதில் நாட்களைக் கழித்தார்கள். ஹிஜ்ரி 428 ரமலானில் (கி.பி. 1037) ஹமதானில் வஃபாத்தானார்கள்.

உலகத்துக்கே பத்தியம் எழுதிக் கொடுத்தவர்கள் தம் பத்தியத்தைக் காக்கவில்லை. நாமும் அப்படியே. சர்க்கரை ஆகாது என்பது தெரியும். டின் பால் கலந்த தேத்தண்ணீர் வந்ததும் மறந்து விடுகிறோம். டாக்டர் கொடுத்த மாத்திரை கல்லாப் பெட்டியிலேயே கிடக்கிறது. கடைக் கணக்கை அன்றாடம் பார்க்கும் நாம், இரத்தத்தின் சர்க்கரைக் கணக்கையும் தவணை தவறாமல் பார்ப்போமாக. இரவில் படுக்குமுன் பாதங்களையும் ஒருமுறை பார்ப்போமாக. தேகமும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே.