ஆநிரை காத்த பட்டக்காரர்

நுழையும்முன்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. திருவள்ளுவர் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டுள்ளார். ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் வகுத்துக் கொண்டது தமிழ் மரபு. கவர்ந்தவரும் மீட்டவரும் பாடல்களிலும் நடுகற்களிலும் நின்றனர். ஆனால், அந்த ஆநிரையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி, நல்ல இனமாக்கி, உழவர் கையில் கொடுத்தவர்கள் மிகுதியாகப் பேசப்படவில்லை. அத்தகையோருள் ஒருவர் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார். அவருடைய வாழ்வையும் அவர் தோன்றிய குடும்பத்தின் வரலாற்றையும் விளக்குவது இப்பாடம்.

மன்றாடியார் மரபு

கொங்கு மண்டலம் இருபத்து நான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று காங்கேய நாடு. இன்றைய திருப்பூர் மாவட்டத்தில், காங்கேயத்தை அடுத்து அமைந்துள்ள பழையகோட்டை, அந்நாட்டின் பட்டக்காரர் குடும்பத்தின் இருப்பிடமாகும். பட்டக்காரர் என்போர் தம் பகுதி மக்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புரைத்தும், கோயில் விழாக்களை முன்னின்று நடத்தியும் வந்த ஊர்த்தலைவர்கள் ஆவர்.

இக்குடும்பத்தின் பட்டப்பெயர் ‘சர்க்கரை மன்றாடியார்’ என்பதாகும். மன்று என்னும் சொல் பலர் கூடும் அவையைக் குறிக்கும். ஆநிரை கூடும் இடத்தையும் குறிக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயில் விளக்கிற்கென அளிக்கப்பட்ட கால்நடைகளைப் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் நெய் அளந்த ஆயர்கள் மன்றாடிகள் எனப்படுகின்றனர். அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட மந்தையைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஒன்று மூப்படைந்தால் அதன் கன்று அவ்விடத்தை நிரப்ப வேண்டும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையவே கூடாது. பட்டக்காரர் மரபில் மன்றாடியார் என்பது அவைத் தலைமையைச் சுட்டும் பெயராகவே விளங்கியது. எனினும், அச்சொல்லில் உறைந்திருந்த மற்றொரு பொருளுக்கும் உரியவராகப் பிற்காலத்தில் இக்குடும்பத்தார் வாழ்ந்து காட்டினர்.

ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலையும் இம்மரபோடு தொடர்புடையவரே. 1756ஆம் ஆண்டு மேலப்பாளையத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் தீர்த்தகிரிச் சர்க்கரை மன்றாடியார் என்பதாகும். 1805ஆம் ஆண்டு அவர் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் கொங்கு நாட்டில் வாளின் காலம் முடிந்தது. படையும் கோட்டையும் பயனற்றுப்போன காலத்தில், தலைமைக் குடும்பங்களிடம் எஞ்சியவை நிலமும் கால்நடைகளுமே. எஞ்சியதை எவ்வாறு போற்றுவது என்னும் வினாவிற்குப் பழையகோட்டைக் குடும்பம் தந்த விடைதான் காங்கேய மாட்டினம்.

மண் வளர்த்த மாடு

காங்கேயம் வட்டாரம் மழை குறைந்த மேட்டுநிலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழையே பெய்யும். ஆற்றுப் பாசனம் இல்லாத அவ்விடத்தில் உழவர்கள் கண்ட அரிய மேய்ச்சல் முறை ‘கொறங்காடு’ எனப்படுகிறது. நிலத்தைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக நடுவர். உள்ளே கொழுக்கட்டைப் புல் வளரும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். மழைக்காலத்தில் புல் மாட்டிற்கு உணவாகும். கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேலின் காய்கள் உதிர்ந்து பசியாற்றும். ஒரு பகுதியில் மாடுகள் மேயும்போது மற்றொரு பகுதி ஓய்வு பெற்றுத் தழைக்கும். வேலி இருப்பதால் மேய்ப்பவர் உடன் நிற்கத் தேவையில்லை. ஒருவர் மந்தை மற்றவர் மந்தையோடு கலப்பதும் இல்லை. இனத்தூய்மை காக்கப்பட்டதில் அந்த முள்வேலிக்கும் பங்குண்டு.

அந்நிலத்தில் வளர்ந்த மாடு வறட்சியைத் தாங்கியது. உலர்ந்த சோளத்தட்டையைத் தின்றும் உழைத்தது. காங்கேயக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்திற்குள் சாம்பல் நிறம் பெறும். வளர்ந்த பொலிகாளையின் திமிலும் முன்பின் தொடைகளும் கருமை படர்ந்து காணப்படும். பசுக்கள் பெரும்பாலும் வெண்மையாக இருக்கும். மயிலை, செவலை, காரி என நிறத்தால் மாடுகளைப் பெயரிட்டழைக்கும் வழக்கம் அங்கு இன்றும் உள்ளது.

தேர்ந்தெடுத்த கண்

நல்ல மண்ணும் மேய்ச்சலும் இருந்தால் மட்டும் நல்ல இனம் உருவாகிவிடாது. எந்தக் காளையை இனப்பெருக்கத்திற்கு நிறுத்துவது, எந்தக் காளையை விலக்குவது என்று தெளிந்து முடிவெடுக்கும் அறிவும் வேண்டும். நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரின் பெருமை இங்குதான் வெளிப்படுகிறது. காங்கேய இனத்தின் மேம்பாட்டிற்கு அவருடைய முயற்சியே முதன்மைக் காரணம் என்று கால்நடைத்துறை நூல்கள் குறிக்கின்றன. ஆயிரக்கணக்கான உழவர்கள் சிறுசிறு அளவில் மாடு வளர்த்த வட்டாரத்தில், பழையகோட்டை மந்தை பிறர் தம் மாட்டை ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க அளவுகோலாக விளங்கியது.

இப்பணி பொறுமையைக் கோருவது. ஒரு கன்றின் தரம் அது வளர்ந்து ஏரிலோ வண்டியிலோ பூட்டப்பட்ட பிறகே தெரியவரும். அதன் தந்தையின் தரம் அப்போதுதான் உறுதிப்படும். இன்று எடுக்கும் முடிவின் பயனைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சில முடிவுகளின் பயனை அடுத்த தலைமுறையே காணும். எனவேதான் இனவளர்ப்பு தனிமனிதச் செயலாக மட்டும் நில்லாமல் குடும்பத்தின் கடமையாகவும் அமைந்தது.

காங்கேயப் பசு நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று லிட்டர் பாலே தரும். பாலை விற்றுப் பொருளீட்ட எண்ணுவோர்க்கு இது குறையாகத் தோன்றும். உழைக்கும் காளையை உருவாக்க எண்ணுவோரோ கன்றின் வயிறு நிறைவதையே முதலில் பார்ப்பர்.

அரசும் இவ்வினத்தின் தகுதியை உணர்ந்தது. 1824ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஓசூர் கால்நடைப் பண்ணையில் காங்கேய மாடுகள் வளர்க்கப்பட்டன. 1936ஆம் ஆண்டு லிட்டில்வுட் என்னும் அலுவலர் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய நூலிலும் இவ்வினம் இடம்பெற்றது. அதே காலத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பெரும்பண்ணைகள், இந்திய மாட்டினங்களின் வழிவந்த பிராமன் மாடுகளைக் கொண்டு இறைச்சிக்கான புதிய இனங்களை உருவாக்கிக் கொண்டிருந்தன. அங்கு மாட்டின் மதிப்பு எடையால் அளக்கப்பட்டது. இங்கோ உழைப்பால் அளக்கப்பட்டது.

கரிசல் வழிகளில்

அந்த உழைப்பின் தேவையை அறிய விருதுநகர் வட்டாரத்தை நோக்கினால் போதும். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களின் வணிகம் மாட்டுவண்டிகளின் மேல் எழுந்தது. வண்டிகளையும் மாடுகளையும் சரக்குகளையும் காப்பாக நிறுத்தி வைப்பதற்கென்றே வணிகர்கள் பேட்டைகளை அமைத்தனர். மகமை திரட்டி அவற்றைப் பேணினர். பருத்திப் பொதிகள் கரிசல் வழிகளில் வண்டிகளிலேயே வந்து சேர்ந்தன. மழை பெய்த கரிசலில் சக்கரம் புதைந்தால் அதை மீட்பது காளையின் தோள்வலிமை மட்டுமே.

கிணற்றுநீரை இறைத்ததும் காளைகளே. கொங்கு நாட்டார் கவலை என்றும், தென்பாண்டி நாட்டார் கமலை என்றும் வழங்கிய அந்த ஏற்றத்தில், இரு காளைகள் சரிவில் இறங்கி நீரை மேலே கொணர்ந்தன. எல்லா வண்டிகளிலும் காங்கேயக் காளைகளே பூட்டப்பட்டன என்று கூறவியலாது. மலைமாடுகளும் பிற நாட்டுமாடுகளும் உழைத்தன. எனினும், கடும்பாரம் இழுக்கும் காளை வேண்டியோர் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச்சந்தையையும், அந்தியூர்ச் சந்தையையும் நாடிச் சென்றனர்.

இயந்திரம் வந்தபின்

1932ஆம் ஆண்டு பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கொங்கு நாட்டுக் கிணறுகளில் மின்னேற்றிகள் படிப்படியாக இடம்பெற்றன, கவலை ஓய்ந்தது. பின்னர் வண்டியின் இடத்தைச் சரக்குந்தும், ஏரின் இடத்தை இழுவை இயந்திரமும் பிடித்தன. 1970ஆம் ஆண்டு தொடங்கிய வெண்மைப் புரட்சி மிகுதியாகப் பால் தரும் கலப்பினப் பசுக்களை ஊர்தோறும் பரப்பியது. உழவர்கள் காளையைக் கைவிட்டதைக் குறையாகக் கூற இயலாது. உழைப்பில்லாத காளைக்குத் தீவனமிடச் சிறு உழவரால் இயலாது. 1990ஆம் ஆண்டில் 11.74 இலட்சமாக இருந்த காங்கேய மாடுகள் 2000ஆம் ஆண்டில் 4.79 இலட்சமாகக் குறைந்தன. அதே 2000ஆம் ஆண்டில்தான் இந்திய அஞ்சல்துறை காங்கேய மாட்டின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. ஓர் இனம் அஞ்சல்தலையில் ஏறிய ஆண்டும் தொழுவத்தில் குறைந்த ஆண்டும் ஒன்றாக அமைந்தன.

இன்றும் பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காங்கேய மாடுகளுக்கெனத் தனிச்சந்தை கூடுகிறது. அங்கு கைமாறும் ஒவ்வொரு கன்றும், நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரும் அவர் காலத்து உழவர்களும் பொறுமையோடு எடுத்த முடிவுகளின் தொடர்ச்சியாகும். கோட்டைகள் இடிந்தால் மீண்டும் கட்டலாம். அழிந்த ஓர் இனத்தை மீண்டும் படைக்க இயலாது. மந்தையின் எண்ணிக்கை குறையவே கூடாது என்று மன்றாடிகளிடம் சொல்லி ஒப்படைத்த அந்தப் பழைய பொறுப்பு, இன்று ஒரு குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மாட்டுவண்டி ஓட்டிய முதியவர் ஒருவரைச் சந்தித்து, வண்டி, ஏர், கமலை ஆகியவற்றின் உறுப்புகளுக்கு வழங்கிய சொற்களைத் தொகுக்க.

2. உழவர்க்குப் பயன் தராத நிலையிலும் நாட்டு மாட்டினங்களைக் காத்தல் வேண்டுமா? வகுப்பில் கலந்துரையாடுக.