பிரிக்கவும் யோசித்துக் கட்டியவர்

1803-ல் இங்கிலாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் பாக்ஸ்டன், தோட்டக்காரராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் உலகப் பொருட்காட்சி நடப்பதாக இருந்தது. முடிந்ததும் கட்டிடத்தை அகற்றிவிட வேண்டும். பூங்காவின் பெரிய மரங்களையும் வெட்டக்கூடாது. பெரிய பெரிய நிபுணர்களின் திட்டங்கள் தேறவில்லை.

1850-ல் ஒரு ரயில்வே கூட்டத்தில் அமர்ந்திருந்தபோதே பாக்ஸ்டன் மையொற்றும் தாளில் தம் யோசனையை வரைந்தார். தொழிற்சாலையில் வார்த்த இரும்புத் தூண்கள், ஒரே அளவுக் கண்ணாடிகள். கொண்டுவந்து பூட்டினால் போதும். ஓராண்டுக்குள் கண்ணாடி மாளிகை எழும்பியது, மரங்களை உள்ளே வைத்தே!

1852-ல் அதைக் கழற்றி, சிடன்ஹாமுக்குக் கொண்டுபோய், 1854-ல் இன்னும் பெரிதாகத் திறந்தார்கள். 1865-ல் பாக்ஸ்டன் காலமானார். 1936-ல் தீ அம்மாளிகையை அழித்தது. சில மாதங்களுக்கென்று கட்டியது எண்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது, பிரிக்கும் நாளையும் நினைத்துக் கட்டியதால்தான்.