திரும்பி வந்த 300 துப்பாக்கிகள்

புதுசா வாங்கின பொருள் இரண்டாவது வாரமே மக்கர் பண்ணினா எப்படி எரிச்சல் வரும்னு உங்களுக்குத் தெரியும். எங்க ஊர் பூம்பாறை. கொடைக்கானல்ல இருந்து மன்னவனூர் போற ரோட்டுல, படிப்படியா இறங்குற பூண்டு வயல்களுக்கு நடுவுல இருக்கு. அப்பா புதுசா ஒரு பவர் ஸ்பிரேயர் வாங்கினார். முதுகுல மாட்டி மருந்தடிக்கும்போது, அதிர்வுல சோக் லீவர் தானா நகர்ந்து மூடிக்கும், எஞ்சின் நின்னுடும். அப்பா பழைய சைக்கிள் ட்யூப்பைக் கீறி, லீவரை இழுத்துக் கட்டி வேலையை முடிச்சார். அப்புறம் வாரண்டிக்காக மலையிறங்கிப் போனோம். ரப்பரைப் பார்த்ததுமே, நாங்களே கை வெச்சுட்டதா சொல்லி வாரண்டி கிடையாதுன்னு அனுப்பிட்டாங்க.

திரும்பி வர்ற பஸ்ல எனக்கு ஞாபகம் வந்த ஆள் சாமுவேல் கோல்ட். ரிவால்வர்னு சொன்னாலே வர்ற பெயர். அவரோட துப்பாக்கியை விடுங்க, அவரோட ரிட்டர்ன் சரக்கோட கதையைக் கேளுங்க.

கோல்ட் 1814-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் பிறந்தார். 16 வயதில் கோர்வோ என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, எங்கே வந்தார் தெரியுமா? நம்ம கல்கத்தாவுக்கு! அந்தப் பயணத்தில்தான், சுழலும் துப்பாக்கிக்கு மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார். கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பார்த்து யோசனை வந்தது என்று சொல்வார்கள். கையால் சுழற்றும் துப்பாக்கிகள் அதற்கு முன்பே இருந்தன. சுத்தியலைப் பின்னால் இழுத்தாலே உருளை ஒரு அறை நகர்ந்து பூட்டிக்கொள்வதுதான் கோல்ட் செய்த வேலை.

ஊர் திரும்பியதும் அப்பாவின் பணத்தில் ஒரு கைத்துப்பாக்கியும் ஒரு ரைஃபிளும் செய்தார். கைத்துப்பாக்கி முதல் முறை சுட்டபோதே வெடித்துச் சிதறியது. அப்பா பணத்தை நிறுத்திவிட்டார். கோல்ட் என்ன செய்தார்? டாக்டர் என்று பட்டம் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போய் சிரிப்பு வாயு காட்டி காசு சேர்த்தார்!

1836-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பேட்டர்சன் நகரில் தொழிற்சாலை வந்தது. ஃபுளோரிடாவில் போருக்குப் போன சிப்பாய்களோ, புதுப் பொருள் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் கழற்றிக் கழற்றிக் கெடுத்தார்கள். நம்ம ஹாஸ்டல்ல புது கேட்ஜெட் வந்தா நடக்கிற அதே கதைதான். 1842-ல் கம்பெனி மூடப்பட்டது.

அப்புறம் மெக்சிகோ போர் வந்தது. சாமுவேல் வாக்கர் என்ற படைத்தலைவர், குதிரைமேல் இருந்து சுட, 6 குண்டு போடும் பெரிய ரிவால்வர் கேட்டார். 1847-ல் ராணுவத்துக்கு 1,000 துப்பாக்கிகள் தர ஒப்பந்தம். கோல்ட்டிடம் தொழிற்சாலையே இல்லை. இன்னொருவர் பட்டறையில் செய்து கொடுத்தார். ஒன்றின் எடை சுமார் 2 கிலோ. ஒரு அறையில் 60 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 4 கிராம் வெடிமருந்து பிடிக்கும்.

அங்கேதான் சிக்கல். அன்றைய இரும்பு அவ்வளவு அழுத்தம் தாங்கவில்லை. அறையின் வாய்வரை மருந்தை நிரப்பியவர்களும், குண்டைத் தலைகீழாகப் போட்டவர்களும் இருந்தார்கள். உருளை சுடுகிறவன் கையிலேயே பிளந்தது. இன்னொரு தொல்லை: சுடும் அதிர்வில், குழலுக்குக் கீழே இருக்கும் லோடிங் லீவர் கீழே விழுந்து உருளையைச் சுழலவிடாமல் தடுத்துவிடும். எதிரே எதிரி நிற்கும்போது துப்பாக்கி சிக்கிக்கொண்டால்? வீரர்கள் ஒரு தோல் வாரை எடுத்து, லீவரையும் குழலையும் சேர்த்துக் கட்டினார்கள். எங்க அப்பாவோட சைக்கிள் ட்யூப் மாதிரியே!

1,000-ல் சுமார் 300 துப்பாக்கிகள், உருளை பிளந்து ரிப்பேருக்குத் திரும்பின. பயன்படுத்தினவங்க மேல தப்புன்னு சொல்லி முடிச்சிருக்கலாம். பாதி உண்மையும் கூட. ஆனால் 1848-ல் வந்த டிராகூன் மாடலைப் பாருங்க. உருளை குட்டையானது, மருந்து சுமார் 50 கிரெய்னாகக் குறைந்தது. 9 அங்குலக் குழல் 7.5 அங்குலமானது. லீவரின் நுனியைக் குழலோடு பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி வந்தது. தவறா நிரப்பினாலும் தாங்குற மாதிரி துப்பாக்கி மாறியது. தோல் வார் செய்த வேலையை அந்தக் கொக்கி செய்தது.

கோல்ட் மகான் இல்லை. அதிகாரிகளுக்கு அழகழகான துப்பாக்கிகளைப் பரிசளித்து ஆர்டர் பிடித்தவர். உள்நாட்டுப் போர் தொடங்கும்வரை இரண்டு பக்கத்துக்கும் விற்றவர். 1862-ல், 47 வயதில் பெரும் பணக்காரராக இறந்தார்.

உலோகத் தோட்டா போடும் கோல்ட் ரிவால்வர்கள் பரவியது அவருக்குப் பிறகுதான். அதோடு புதுச் சிக்கலும் வந்தது. சுட்டதும் பித்தளைக் கூடு உப்பி அறைச் சுவரில் ஒட்டும். உடனே கொஞ்சம் சுருங்கினால்தான் வெளியே வரும். சுவர் சொரசொரப்பாகவோ அழுக்காகவோ இருந்தால் சிக்கிக்கொள்ளும். இன்றைக்கும் புது ரிவால்வரில் கூடு சிக்கினால் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: எப்பவும் அதே அறையிலா, எல்லா அறையிலுமா? அதே அறை என்றால் சந்தேகம் அந்த அறை மேல். எல்லா அறையிலும், ஒரே வகைத் தோட்டாவில் மட்டும் என்றால் தோட்டா மேல். அரத்தை எடுத்துத் தேய்க்காமல், இந்தக் குறிப்போடு செய்தவருக்கே திருப்பி அனுப்புவதுதான் சரி.

இன்னும் ரெண்டு வருஷத்துல நம்மில் பலர் ஏதோ ஒரு கம்பெனியோட டிசைன் மேசையிலோ சர்வீஸ் கவுண்டரிலோ உட்கார்ந்திருப்போம். ரப்பர் கட்டின ஒரு மெஷின் உங்க முன்னாடி வரும். வாரண்டி போச்சுன்னு எழுதறதுக்கு முன்னாடி, அவர் ஏன் அங்க கட்டினார்னு ஒரு தடவை கேளுங்க. எங்க ஸ்பிரேயர்ல அந்த ட்யூப் இன்னமும் இருக்கு.